மூன்றாம் படியும் பன்னிரண்டு சென்டிமீட்டரும்

என் சித்தப்பாவுக்குத் தெருவில் 'ஆற்று மாப்பிள்ளை' என்று பெயர். மாமியார் வீட்டுக்குப் போகிறவர் போலத் தேய்த்த சட்டையோடு காலை ஆறு மணிக்கும் மாலை ஆறு மணிக்கும் ஆற்றங்கரைக்குப் போவார். தண்ணீரில் நட்டிருக்கும் அளவுக் கம்பத்தைப் பார்த்து நீர்மட்டத்தை நோட்டில் எழுதுவார். மாதக் கடைசியில் எண்களை மட்டும் படிவத்தில் நிரப்பி அலுவலகத்துக்கு அனுப்புவார். இருபத்திரண்டு வருட வேலை.

மேலே மலை இடுக்கில் நீர்மின் அணை கட்டத் திட்டம் போட்டபோது அந்தப் படிவங்களுக்கு யோகம் அடித்தது. ஆற்றில் எவ்வளவு தண்ணீர் வரும் என்று தெரியாமல் எவ்வளவு மின்சாரம் கிடைக்கும் என்று சொல்ல முடியாது. ஆனால் திட்டப் பொறியாளர் முகவாட்டத்தோடுதான் வீட்டுக்கு வந்தார். இளம்பெண்.

"பதினோராவது வருஷத்துல இருந்து கோடையில கூட தண்ணி பன்னிரண்டு சென்டிமீட்டர் கூடவே இருக்கு சார். மழை கூடலை. எதை நம்புறது?"

நம்ப முடியாவிட்டால் அத்தனையையும் ஒதுக்கிவிட்டுப் புதிதாக அளக்க வேண்டும் என்றார். சித்தப்பாவின் முகம் சுண்டிப்போனது.

"வெள்ளத்துல கம்பம் போயிடுச்சு மேடம். புதுசை முன்னைவிட இறக்கி நட்டுட்டாங்க. கம்பம் காட்டுறதைத்தான் எழுதணும்னு உத்தரவு."

"எவ்வளவு இறக்கினாங்கன்னு இப்ப யாருக்குத் தெரியும்?"

"நோட்டுல குறிச்சிருக்கேனே. படிவத்துல அதுக்கு இடமில்லை."

சித்தி பரணிலிருந்து நோட்டுகளை இறக்கினாள். பொறியாளர் வாய்விட்டுப் படித்தார். 'தண்ணீர் படித்துறையின் மூன்றாம் படியைத் தொட்டது. கம்பத்தில் 1.40 மீட்டர்.' வெள்ளத்துக்குப் பிறகு, 'அதே படி. புதுக் கம்பத்தில் 1.52.' வெள்ளத்துக்கு முன் ஏழு முறை, பின் ஒன்பது முறை இதே எண்கள். படித்த வேகத்தில் அடுத்த வரியும் வந்துவிட்டது: 'இன்று பத்து நிமிடம் தாமதம். வீட்டில் சண்டை.'

"ஆத்தைப் பத்தி எழுதச் சொன்னா என் மானத்தை எழுதி வெச்சிருக்கீங்களா?" என்றாள் சித்தி.

"யார் மேல தப்புன்னு எழுதலையே."

ஆறு மணிக்கு எல்லோரும் கரைக்குப் போனோம். பொறியாளர் மூன்றாம் படியிலிருந்து தண்ணீர் வரை டேப் பிடித்து அளந்தார். புதுக் கம்பத்தோடு கணக்கு ஒத்துப்போனது. படி கருங்கல், அசையவில்லை.

"பன்னிரண்டைக் கழிச்சா போதும். எல்லா நோட்டும் எனக்கு வேணும் சார்."

சித்தப்பா அன்றைய நீர்மட்டத்தை எழுதி, பக்கத்தில் 'பொறியாளர் சரிபார்த்தார்' என்று குறித்தார்.

"சண்டை இல்லைன்னும் எழுதுங்க," என்றாள் சித்தி.

அதையும் எழுதினார்.