மேல் பல்லுக்குப் பயந்த மாமா

மாமா, பல் முளைக்கிற குழந்தைக்குப் பயந்து உங்கள் தங்கையை வீட்டை விட்டுத் துரத்தினீர்கள். இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல எனக்குத் தெரியாது.

அப்போது எனக்கு ஏழு வயது. அப்பா துபாய்க்குக் கட்டட வேலைக்குப் போயிருந்ததால் அம்மாவும் நானும் கைக்குழந்தையான தம்பியும் திண்டிவனத்தில் உங்கள் வீட்டில் இருந்தோம். தம்பிக்கு ஈறு வீங்கி எந்நேரமும் எச்சில் ஒழுகும். கையையும் முட்டியையும் ஊன்றிக்கொண்டு முன்னும் பின்னுமாக ஆடுவான். ஆடி ஆடிச் சுவரை எட்டியதும் நெற்றியால் முட்டுவான். அழ மாட்டான். முட்ட முட்ட முகம் தெளிந்து, கண் சொருகி, அப்படியே தூங்கிவிடுவான். அம்மா நடுவில் ஒரு தலையணையைச் செருகிவிட்டு வேலையைப் பார்ப்பாள். எனக்கு வேடிக்கை; நானும் பக்கத்தில் மண்டியிட்டு ஆடுவேன்.

அந்தச் சுவருக்கு மறுபக்கம் உங்கள் கட்டில். கூட்டேரிப்பட்டில் பைக்கிலிருந்து விழுந்து, காலில் கட்டோடு படுத்திருந்தீர்கள். மழையில் வழுக்கி விழுந்தது ஊருக்கே தெரியும். ஒருநாள் அத்தை தம்பியின் வாயில் விரலை விட்டுப் பார்த்து, "ஐயோ, மேல் பல்லு மொதல்ல வந்துக்கினு கீதுங்க!" என்று கத்தினாள். மேல் பல் முதலில் முளைத்தால் தாய்மாமனுக்கு ஆகாதாம். அவ்வளவுதான், மழைக்கு விடுதலை. குற்றவாளி தம்பி.

"செவுத்த முட்டி முட்டி என்னைக் கூப்புடுது பாரு," என்றீர்கள்.

அம்மா சொன்னாள்: "ஈறு நமநமங்குதுண்ணா, அதான் ஆடிக்கினு கீறான். பல்லு வெளிய வந்தா தானா நின்னுடும். சர்ச்சு பூசையில மொத வரிசையில நிக்கிற, இதையா நம்புற?"

"கோயிலு வேற, உசுரு வேற. ஜல்தி துணிய எடுத்து வை."

விழுப்புரம் பஸ்ஸில் எனக்கு ஜன்னலோர இடம். உரித்துத் தின்ன அவித்த மல்லாட்டைக் கடலை வேறு. முகையூரில் பூட்டிக் கிடந்த எங்கள் வீட்டுக்குப் போகிறோம் என்று ஒரே சந்தோஷம். அம்மா மட்டும் முந்தானையால் தம்பியின் வாயை மூடியபடியே வந்தாள். தூசிக்காக என்று நினைத்து ஜன்னலைச் சாத்தினேன். அப்போதும் முந்தானையை எடுக்கவில்லை. பக்கத்தில் இருந்தவர், "பல்லு வந்துடுச்சா கண்ணு?" என்று தம்பியைக் கொஞ்சினார். "இன்னும் இல்லீங்க," என்றாள் அம்மா. வந்துவிட்டதே என்று சொல்ல வாயைத் திறந்தேன். தொடையில் கிள்ளினாள். எதற்குக் கிள்ளினாள் என்று தெரியாமல் முகையூர் வரை அவளோடு பேசவில்லை.

பல் முழுதாக வெளியே வந்தது, ஆட்டமும் நின்றது. உங்கள் கால் கூடி, இன்றைக்கும் பைக் ஓட்டுகிறீர்கள். தம்பிதான் உங்கள் வீட்டில் 'ஆகாதவன்' ஆகிவிட்டான். அவன் கல்யாணத்துக்கும் நீங்கள் வரவில்லை.

போன வாரம் குடும்ப வாட்ஸ்அப்பில் உங்கள் மகளின் குழந்தை மண்டியிட்டு ஆடுகிற வீடியோவைப் போட்டு, 'என் பேரன் டான்ஸ்' என்று எழுதியிருந்தீர்கள். அவன் சிரிக்கும்போது பார்த்தேன், மேலே இரண்டு பல், கீழே ஒன்றுமில்லை. அவனுக்குத் தாய்மாமன் உங்கள் மகன். அவன் யாரையும் துரத்தவில்லையே?

பேரனின் ஞானஸ்நான விருந்துக்கு அம்மாவையும் என்னையும் கூப்பிட்டிருக்கிறீர்கள். தம்பியைக் கூப்பிடவில்லை. மூன்று பேரும் வருவோம். சோற்றுக்கு அல்ல. உங்கள் பேரன் ஆடினால் டான்ஸ், என் தம்பி ஆடினால் உங்களுக்குச் சாவா? மண்டபத்தில் மைக் இருக்கும். சொந்தக்காரர்கள் அத்தனை பேர் முன்னாலும் அதைப் பிடித்து, உங்கள் தங்கைக்குப் பதில் சொல்லுங்கள்.