பட்டியலில் இல்லாத கார்ட்

களுவாஞ்சிகுடியில் கணினி திருத்தும் கடைக்காரர் என் லப்டொப்பைக் கழற்றிப் பார்க்கவே இல்லை. திரையைப் பார்த்தார், முகத்தைச் சுளித்தார்.

"தங்கச்சி, இதுக்குள்ள லினக்ஸ் போட்டு வெச்சிரிக்கிங்க. அதாலதான் வைபை வேல செய்யல்ல. எல்லாத்தையும் அழிச்சிப்போட்டு விண்டோஸ் போட்டுத் தாறன். திங்கக்கிழம வாங்க."

அன்று வியாழன். மறுநாள் மூன்று மணிக்கு எனக்குப் பரீட்சை. ஒலிப்பதிவுகளைக் கேட்டு வீட்டிலிருந்தே தமிழில் தட்டச்சு செய்யும் வேலைக்கானது. இடையில் இணையம் அறுந்தால் மறு வாய்ப்பு இல்லை என்று எழுதியே அனுப்பியிருந்தார்கள். இணையத்துக்குப் போனைக் கேபிளால் லப்டொப்பில் கொழுவிப் பார்த்திருந்தேன். போனில் கேபிள் செருகும் வாய் தேய்ந்துபோனது. கை பட்டாலே தொடர்பு விட்டுப்போகும்.

"விண்டோஸ் போட்டா இந்த லிஸ்டில கார்ட் வருமா?" என்று கேட்டேன்.

லப்டொப்புக்குள் என்னென்ன சாமான் இருக்கிறதென்று காட்டும் பட்டியல் அது. ஒரு கட்டளை அடித்தால் வரும். இரண்டு நாளாக வைபையை இயக்கும் ட்ரைவர் மென்பொருளை மாற்றி மாற்றிப் போட்டுவிட்டுத்தான் அதைப் பார்க்க எனக்குப் புத்தி வந்தது. சிக்னலைப் பிடிக்கும் வைபை கார்ட் அதில் இல்லவே இல்லை. இல்லாத சாமானுக்கு எதைப் போட்டு என்ன?

அவர் என்னை விட்டுவிட்டு, கூட வந்திருந்த என் கணவரைப் பார்த்தார். "நீங்க ஒருக்காச் சொல்லுங்க தம்பி."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. லப்டொப்பைத் தூக்கிப் பைக்குள் வைத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

"அவருக்குத் தெரியாதது உனக்குத் தெரியுமா?" என்றார் கணவர், மோட்டார்சைக்கிளை எடுத்தபடி.

"ஓம்" என்றேன்.

வெள்ளி காலை, செட்டிபாளையத்தில் எங்கள் சாப்பாட்டு மேசையில் லப்டொப்பைக் கவிழ்த்து, பற்றரியை எடுத்து, திருகாணிகளைக் கழற்றினேன். உடைத்தால் பழி என் தலையில்தான். உள்ளே இரண்டு விரல் அகலத்தில் கார்ட் இருந்தது. அதன் பற்களில் பச்சைக் களிம்பு. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி. எங்கள் ஊர் உப்புக்காற்றில் கதவுப் பிணைச்சலே நெடுநாள் தாங்காது. சிக்னல் நன்றாக வருமென்று மூன்று வருடமாகக் கடற்பக்க ஜன்னலடியில் லப்டொப்பை வைத்தது நான்தான். அது என் பிழை. லினக்ஸின் பிழை இல்லை.

மகளின் பென்சில் பெட்டியிலிருந்த அழிறப்பரால் தேய்த்தேன். பற்கள் மினுங்கின. எல்லாவற்றையும் பூட்டிக் கட்டளையை அடித்தேன். பட்டியலின் கடைசி வரியில் கார்ட் இருந்தது. அழுகை வந்தது. சந்தோசத்தைவிடக் கோபம்தான் அதில் கூட.

பரீட்சைக்கு முன் ஒரு படிவம் வந்தது. கணினி பழுதானால் திருத்துபவரின் பெயரைக் கேட்டிருந்தார்கள்.

பின்னால் நின்ற கணவர் எட்டிப் பார்த்தார். "அந்தக் கடக்காரர்ர பேரப் போடு புள்ள."

என் பெயரை எழுதினேன். முழுப் பெயரையும்.