பல்லில் ஒட்டிய கல்

சார்ஜர் கம்பெனியை மூடிய பிறகு இரண்டு மாதம் ரூமில் சும்மா இருந்தேன். கூட இருந்தவர்களில் பாதிப் பேர் ஊருக்குப் போய்விட்டார்கள். மீதிப் பேர் ஒரகடம் பக்கம் வேறு கம்பெனிகளில் சேர்ந்தார்கள். எனக்கு இரண்டும் தோன்றவில்லை. ஒருநாள் ஸ்ரீபெரும்புதூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் நடந்துகொண்டிருந்தபோது, ஒரு பல் ஆஸ்பத்திரியின் கண்ணாடிக் கதவில் ‘ஆள் தேவை’ என்று ஒட்டியிருந்தது. வெயிலாக இருந்ததால் உள்ளே போனேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

டாக்டரம்மாவுக்கு நாற்பது வயது இருக்கும். மாஸ்க்கைக் கழற்றாமலே கேட்டார்.

“இதுக்கு முன்னாடி என்ன வேலை?”

“சார்ஜர் கம்பெனில செக்கிங். போர்டை லென்ஸ்ல வெச்சுப் பார்த்து, ஈயம் பத்தவெச்ச இடமெல்லாம் சரியா இருக்கான்னு சொல்லணும்.”

“எத்தனை வருஷம்?”

“ஏழு.”

“ரத்தத்தைப் பார்த்தா மயக்கம் வருமா?”

“தெரியல மேடம்.”

அன்றைக்கே வேலை கொடுத்துவிட்டார்.

மயக்கம் வரவில்லை. பல் பிடுங்கும்போது சிலர் என் கையை இறுக்கிப் பிடித்துக்கொள்வார்கள். அந்தக் கை வியர்த்திருக்கிறது, நடுங்குகிறது என்பதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிவதோடு சரி. நாள் முழுவதும் ஆட்களின் திறந்த வாய்க்குப் பக்கத்தில் நின்றுவிட்டு ரூமுக்குப் போய்ச் சோறு வடித்துச் சாப்பிட்டுப் படுப்பேன். அப்பா செத்து ஒரு வருஷம்கூட ஆகியிருக்கவில்லை. அதற்கும் நான் அழுதிருக்கவில்லை.

விருத்தாசலம் பக்கம் எங்கள் ஊர். அப்பா ஒரு காலை நேரத்தில் டீக்கடை பெஞ்சிலேயே சாய்ந்துவிட்டார். எங்கள் கம்பெனியில் லைனுக்குள் போன் கொண்டுபோகக் கூடாது, லாக்கரில் வைத்துவிட வேண்டும். மதியம் இரண்டரைக்கு ஷிப்ட் முடிந்து ஏப்ரனைக் கழற்றும்போதுதான் லைன் லீடர் கூப்பிட்டுச் சொன்னார். நான் ஊர் போய்ச் சேரும்போது மணி எட்டரை. வெயில் காலம், ஐஸ் பெட்டி கிடைக்கவில்லை, பொழுது சாய்வதற்குள் எடுத்துவிடலாம் என்று சித்தப்பா சொல்லிவிட்டாராம். ஐந்தரைக்கே எடுத்துவிட்டார்கள். வாசலெல்லாம் சாமந்திப்பூ சிதறிக் கிடந்தது. அத்தை என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். நான் அவள் முதுகைத் தட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

ஆஸ்பத்திரியில் நான் சேர்ந்த சமயத்தில் பல்லில் கல் வைத்துக்கொள்ள ஆட்கள் வர ஆரம்பித்திருந்தார்கள். பெரும்பாலும் கம்பெனிப் பெண்கள், கல்யாணம் நிச்சயமானவர்கள். மேல் பல்லில் கடுகு அளவுக்கு ஒரு கண்ணாடிக் கல். சிரித்தால் மினுக்கென்று தெரியும். டாக்டரம்மாவுக்கு முதலில் இதில் இஷ்டமில்லை. “மூக்குத்தி போதாதா?” என்று திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தார். குன்றத்தூரில் ஏதோ ஒரு பார்லரில், நகம் ஒட்டுகிற பசையை வைத்துப் பல்லில் கல் ஒட்டுகிறார்கள் என்று கேள்விப்பட்ட பிறகு மனசு மாறிவிட்டது. “நாம செய்யலன்னா அங்கதான் போவாங்க” என்று சொல்லி, சென்னைக்குப் போய்க் கற்றுக்கொண்டு வந்தார்.

வேலை சின்னதுதான். பல்லைத் தேய்த்துச் சுத்தம் செய்து, காயவைத்து, நீல நிறக் களிம்பை ஒரு புள்ளி வைத்து அரை நிமிஷம் விட வேண்டும். கழுவிக் காயவைத்தால் அந்த இடம் மட்டும் சுண்ணாம்பு தடவினமாதிரி வெளுத்திருக்கும். அதில் பல்லுக்கென்றே உள்ள பசையைத் தடவி, கல்லை வைத்து, நீல விளக்கைக் காட்டினால் இறுகிவிடும். துளை போடுவதில்லை. வேண்டாமென்றால் பல்லுக்குச் சேதமில்லாமல் எடுத்துவிடலாம்.

கல் பெட்டி என் பொறுப்பு. டாக்டரம்மா முதலில் வாங்கியவை சென்னையில் ஒரு பெரிய டீலரிடமிருந்து வந்தவை. ஒவ்வொரு டப்பாவும் சீல் போட்டு, செய்த இடம், தொகுதி எண் எல்லாம் அச்சடித்து, கூடவே ஒரு பரிசோதனைத் தாளோடு வந்தது. இரண்டு மாதம் கழித்து, ஆஸ்பத்திரிக்குப் பஞ்சு, கையுறையெல்லாம் சப்ளை செய்கிறவர் ஒரு டப்பாவைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார்.

“அதே கல்லுதான் மேடம். பாதி விலை.”

டாக்டரம்மா டப்பாவை என் பக்கம் தள்ளினார்.

நான் லென்ஸை எடுத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்தேன். டப்பாவின் நிறம், எழுத்து எல்லாம் அச்சாக அதேதான். ஆனால் ‘கிரிஸ்டல்’ என்ற ஆங்கில வார்த்தையில் ஒரு எழுத்து குறைந்தது. அவர் கொண்டுவந்த ஆறு டப்பாவிலும் தொகுதி எண் ஒன்றே. சிவப்புக் கல்லுக்கும் அதே எண், வெள்ளைக்கும் அதே எண். கல்லைத் திருப்பிப் பார்த்தால், அடியில் உள்ள வெள்ளித் தகடு சிலதில் ஓரம் வரை எட்டவில்லை, சிலதில் பிசிறடித்திருந்தது. பழைய டப்பாவிலிருந்து ஐந்து, புதியதிலிருந்து ஐந்து எடுத்து, உப்பும் எலுமிச்சையும் கலந்த வெந்நீரில் தனித்தனியாகப் போட்டு வைத்தேன். மூன்றாம் நாள் புதிய கற்களில் நான்கின் தகடு உரிந்து தண்ணீரில் மிதந்தது.

டாக்டரம்மாவிடம் காட்டினேன். பாராட்டுவார் என்று நினைத்தேனா என்று ஞாபகமில்லை. அவர் கேட்டது வேறு.

“சரி, இது அடித்தகடு. கண்ணாடிக்குள்ள காரீயம் கலந்திருக்கா இல்லையான்னு உன் லென்ஸ்ல தெரியுமா?”

“தெரியாது மேடம்.”

“எனக்கும் தெரியாது. மின்னுறதுக்காகக் கலப்பாங்க. சட்டையில ஒட்டினா சரி. வாயில இருபத்திநாலு மணி நேரமும் எச்சில்ல ஊறுற சாமான் இது. அதான் டெஸ்ட் பண்ண பேப்பர் கேக்குறேன்.”

அது எனக்குச் சட்டென்று புரிந்தது. கம்பெனியில் பத்தவைக்கிற ஈயக் கம்பிச் சுருள் ஒவ்வொன்றிலும் பச்சை ஸ்டிக்கர் இருக்கும், காரீயம் கலக்காதது என்பதற்கு அடையாளம். ஸ்டிக்கர் இல்லாத சுருள் எவ்வளவு பளபளப்பாக வந்தாலும் கேட்டிலிருந்தே திரும்பிப் போகும். பார்த்துக் கண்டுபிடிக்க முடியாததைப் பார்த்துக் கண்டுபிடித்துவிட்டதாக யாரும் அங்கே சொல்ல மாட்டார்கள்.

சப்ளைக்காரர் அடுத்த வாரம் ஒரு ஜெராக்ஸ் தாளைக் கொண்டுவந்தார். படித்துப் பார்த்தேன்.

“சார், இது துணியில ஒட்டுற கல்லுக்கு உள்ள பேப்பர். நம்பரும் வேற.”

“கல்லு கல்லுதானேம்மா.”

டாக்டரம்மா எழுந்து டப்பாக்களைப் பையில் போட்டு அவர் கையிலேயே கொடுத்துவிட்டார். தண்ணீரில் போடாமல் நான் தனியாக எடுத்து வைத்திருந்த இரண்டு கற்கள் மட்டும் என் டிராயரில் தங்கிவிட்டன.

அவள் வந்தது ஒரு மதியம். துப்பட்டாவால் வாயை மூடிக்கொண்டு வாசலில் நின்றாள். மண்ணூர்ப் பெண், என்னைவிட நான்கு வயது சின்னவள். கம்பெனியில் நான்கு வருஷம் எனக்குப் பக்கத்து இருக்கை. லாக்கரும் எங்கள் இருவருக்கும் ஒன்றுதான், ஆளுக்கொரு சாவி.

“அக்கா! நீ இங்கயா கீற?” என்றாள். தெரிந்துகொண்டேதான் வந்திருந்தாள் என்பது பிறகு புரிந்தது.

அவளுக்கு மூன்று வாரத்தில் சர்ச்சில் கல்யாணம். மாப்பிள்ளை ஒரகடத்தில் கார் கம்பெனி. துப்பட்டாவை எடுத்ததும் பார்த்தேன். முன் பல்லில் ஒரு கல், கறுத்துப்போய், சுற்றிலும் மஞ்சளாகப் பசை. அதன் மேலே ஈறு வீங்கிச் சிவந்திருந்தது.

“பார்லர்லயா?”

“ஆமாக்கா. மொத நாளு சூப்பரா இருந்துச்சு. அப்புறம் இன்னா ஆச்சுன்னே தெரியல.”

டாக்டரம்மா கல்லை எடுக்கவே அரை மணி நேரம் பிடித்தது. பசையைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டி எடுத்தார். அடியில் பல் வெளிறி, சொரசொரவென்று இருந்தது. சொத்தை ஆரம்பிக்கிற அடையாளம், இந்தப் பல்லில் இனிக் கல் கிடையாது, ஈறு ஆறட்டும் என்று சொல்லிவிட்டு, போன் வந்ததால் வெளியறைக்குப் போனார்.

எடுத்த கல்லை நான் பஞ்சில் வைத்து அவளுக்குக் காட்டினேன். தகடு முழுக்க உரிந்திருந்தது. “இதுல காரீயம் வேற இருக்கலாம். தெரியாது.”

“ஈயம்தானக்கா? எங்க வூட்ல ரசமே ஈயச் சொம்புலதான்.”

“அது வெள்ளீயம், இது காரீயம். நம்ம சுருள்ல பச்சை ஸ்டிக்கர் எதுக்குன்னு நெனச்ச?”

“நான் இன்னாத்தக் கண்டேன்” என்றாள். சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, கழுத்தில் கட்டியிருந்த காகிதத்தை விரலால் கிழித்துக்கொண்டே சொன்னாள்.

“அக்கா, உங்கப்பா எறந்த அன்னிக்கு எனக்குப் பத்து மணிக்கே தெரியும்.”

கல்லைப் பஞ்சோடு தட்டில் வைத்தேன்.

“தலைவலின்னு மாத்திர எடுக்க லாக்கருக்குப் போனேன். உன் போனு அடிச்சிக்கினே கீது. எடுத்தேன். உங்க சித்தப்பா. லைன் லீடராண்ட போய்ச் சொன்னேன். அவரு, ‘இன்னிக்கு லோடு போவணும், ஷிப்ட் முடியட்டும், நான் சொல்லிக்கிறேன், நீ வாயத் தொறக்காத’ன்னாரு. நான் வந்து உன் பக்கத்துலயே உக்காந்துகினேன். நாலு மணி நேரம். நீ என்னாண்ட, ஏன் மூஞ்சி ஒரு மாதிரி கீதுன்னுகூட கேட்ட.”

அது எனக்கு ஞாபகமில்லை.

“கல்யாணத்துக்கு முன்னால பாவசங்கீர்த்தனம் பண்ணப் போனேன். ஃபாதரு, ‘என்கிட்ட சொன்னது சரி, அந்தப் பொண்ணுகிட்டயும் சொல்லிடு’ன்னாரு. அதுக்குத்தான் வந்தேன். பல்லு ஒரு சாக்கு.”

சுவரில் மணி மூன்று பத்து. தட்டில் ஐந்து பஞ்சுத் துண்டுகள் இருந்தன. எச்சில் உறிஞ்சும் குழாயைக் கையில் எடுத்தேன்.

“வாயைத் திற” என்றேன்.

அவள் திறந்தாள். கண்ணிலிருந்து தண்ணீர் இரண்டு பக்கமும் காதுக்குள் இறங்கியது. டாக்டரம்மா திரும்பி வந்து, “வலிக்குதா?” என்று கேட்டார். அவள் இல்லையென்று தலையாட்டினாள்.

அன்று சாயங்காலம் ரூமில் பஸ் நேரத்தைக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். பத்து மணிக்குக் கிளம்பியிருந்தால் பதினொன்றரைக்குள் தாம்பரம். அங்கிருந்து விருத்தாசலம் வண்டி கிடைத்து, ஊர் போய்ச் சேர நாலு, நாலரை. ஐந்தரைக்கு எடுத்தார்கள். ஒரு மணி நேரம் இருந்திருக்கும். மறுபடியும் முதலிலிருந்து போட்டுப் பார்த்தேன், அதேதான் வந்தது. பிறகு அரிசி களைந்தேன்.

பத்து நாள் கழித்து அவள் மறுபடி வந்தாள். ஈறு ஆறியிருந்தது. முன் பல் வேண்டாம், கோரைப்பல்லில் வைக்கலாம், அது நன்றாக இருக்கிறது என்று டாக்டரம்மா சம்மதித்தார். “நல்ல கல்லா ஒண்ணு எடுத்துட்டு வா” என்றார்.

டிராயரைத் திறந்தேன். பெட்டிக்குப் பக்கத்தில் அந்த இரண்டு கற்கள் ஒரு சின்னக் கவரில் இருந்தன. ஒன்றை எடுத்து லென்ஸில் வைத்தேன். பார்க்கப் பழுதில்லை, தகடுகூட ஓரம் வரை இருந்தது. சொல்லப்போனால் பெட்டியில் இருந்தவற்றைவிட மினுமினுப்பு அதிகம். அதை வைத்தால் யாருக்கும் தெரியப்போவதில்லை. எவ்வளவு நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று தெரியாது. உள்ளேயிருந்து டாக்டரம்மா, “என்னம்மா, கெடைக்கலயா?” என்று கூப்பிட்டார்.

இரண்டையும் கவரோடு குப்பையில் போட்டேன். சென்னை டீலரின் கற்கள் இருந்த பெட்டியிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்து, ஏழு கற்களை ஒதுக்கிவிட்டு எட்டாவதை எடுத்துக்கொண்டு போனேன். அவளை மன்னித்துவிட்டதால் அப்படிச் செய்தேன் என்று சொன்னால் அது பொய். பேப்பர் இல்லாத சாமானை உள்ளே விட்டு எனக்குப் பழக்கமில்லை, அவ்வளவுதான்.

கல் ஒட்டியதும் கண்ணாடியைக் கொடுத்தேன். பார்த்துவிட்டு, “நீ எடுத்ததாக்கா?” என்றாள். ஆமாம் என்றேன். கல்யாணத்துக்குக் கட்டாயம் வரணும் என்றாள்.

போனேன். மண்ணூரில் சர்ச்சுக்குப் பக்கத்தில் பந்தல் போட்டிருந்தார்கள். வெள்ளைப் புடவையில் இருந்தாள். மாப்பிள்ளையிடம், “இந்த அக்காதான் கல்லு எடுத்துக் குடுத்துச்சு” என்று சொல்லிப் பல்லைக் காட்டினாள். அவர் எனக்குக் கும்பிடு போட்டார். லைன் லீடரும் வந்திருந்தார். இப்போது வாலாஜாபாத் பக்கம் ஏதோ கம்பெனியாம். “நல்லா இருக்கியாம்மா?” என்று கேட்டார். நல்லா இருக்கேன் சார் என்றேன். பிரியாணி நன்றாக இருந்தது. இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டேன்.

ஏழு மாதம் கழித்து கல் விழுந்துவிட்டது என்று வந்தாள். அப்போது அவள் ஐந்து மாதக் கர்ப்பம். முறுக்கு சாப்பிடும்போது கழன்றதாம், துப்பிவிட்டாளாம். டாக்டரம்மா மிச்சமிருந்த பசையை எடுத்து மெருகேற்றிவிட்டு, பல் பழையபடிதான் இருக்கிறது, ஒன்றும் ஆகவில்லை என்றார். இன்னொரு கல் வைக்கலாமா என்று கேட்டதற்கு, வேண்டாம் என்றாள்.

பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் கூடப் போனேன். மண்ணூர் வண்டி வரவில்லை. பெஞ்சில் உட்கார்ந்தோம்.

“அக்கா, எம்மேல கோவமா?”

“தெரியல.”

“தெரியலன்னா இன்னா அர்த்தம்?”

“தெரிஞ்சா சொல்றேன்.”

அவள் தலையை ஆட்டினாள். நான் எழுந்து போய் இரண்டு டீ வாங்கிவந்தேன். டீ வாசனை வந்தாலே குமட்டுகிறது என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவளுடையதையும் சேர்த்து நானே குடித்தேன். வண்டி வந்தது. கூட்டத்தில் அவளுக்கு ஒரு இடம் பிடித்துக் கொடுத்துவிட்டு இறங்கினேன்.