பனமலைக்குப் போன டாக்டரம்மா

எங்கள் டாக்டரம்மாவின் மேசையில், கிளினிக்கை நடத்த வந்த கம்பெனிக்காரர்கள் கொண்டுவந்து வைத்த கம்ப்யூட்டரின் மூலையில் ஒரு கடிகாரம் ஓடும். நோயாளி வந்து உட்கார்ந்ததும் பச்சையாகத் தொடங்கி, கொஞ்ச நேரத்தில் சிவப்பாகிவிடும். சிவந்தால் அடுத்த ஆளைக் கூப்பிட வேண்டும் என்பது அவர்கள் கட்டளை. ஒருநாள் காலை, மூச்சிரைக்க வந்த பெரியவர் ஒருவர் சட்டைப் பித்தானைக் கழற்றி முடிப்பதற்குள் அது சிவந்துவிட்டது. டாக்டரம்மா என்னிடம் கையை நீட்டி, காயத்துக்கு ஒட்டும் பிளாஸ்திரி ஒன்றை வாங்கி, திரையின் அந்த மூலையில் அழுத்தி ஒட்டினார். "இப்ப மெதுவா மூச்சை இழுங்க" என்றார். கேட்பவர்கள் இதற்குச் சிரிக்கிறார்கள். எனக்கு இன்றும் கோபம்தான் வருகிறது.

நான் சிங்கவரத்துப் பெண். கழனி வேலை செய்து என் அம்மா என்னை நர்ஸ் படிப்பு படிக்க வைத்தார். செஞ்சி கடைத்தெருவில் ஒரு பாத்திரக்கடையின் மாடியில் இருந்தது டாக்டரம்மாவின் கிளினிக். வேலை கேட்டுப் போனபோது, குழந்தைக்கு ஊசி போடத் தெரியுமா என்று மட்டும் கேட்டார். நான் எந்தத் தெரு, யார் மகள் என்று கேட்கவில்லை. இந்த ஊரில் அது சின்ன விஷயமில்லை. அதற்காக அவரை இனிமையானவர் என்று சொல்லிவிட முடியாது. மாத்திரையை நிறுத்திவிட்டு வருகிறவர்களை வெளியே இருப்பவர்கள் காதிலும் விழும்படி திட்டுவார். ஆனால் அம்மாவின் சர்க்கரை, மகளின் பிரசவம், பேரனின் வலிப்பு என்று ஒவ்வொரு வீட்டின் உடம்பும் அவருக்குத் தெரியும்.

பிறகு ஒன்றன்பின் ஒன்றாகத் தொல்லைகள் வந்தன. கிளினிக்கைப் பதிவு செய்ய வேண்டும், தீயணைப்புச் சான்று வேண்டும், ஊசிக் குப்பையை எடுக்க வண்டிக்கு ஏற்பாடு செய்ய வேண்டும். "சீக்கைப் பாக்குறதா, ஆபீஸ் ஆபீஸா அலையுறதா?" என்று சலித்துப்போயிருந்த நேரத்தில்தான் சென்னையிலிருந்து அந்தக் கம்பெனி வந்தது. கிளினிக்கை நாங்கள் நடத்துகிறோம், நீங்கள் நோயாளியை மட்டும் பாருங்கள் என்றார்கள். ஒப்பந்தத்தை விட்டு விலகினால் செஞ்சியில் தனியாகக் கிளினிக் வைக்கக் கூடாது என்பதும் ஒரு நிபந்தனை. அவர் அதைப் படித்துவிட்டு, "நான் எங்க போவப்போறேன்?" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார். பாத்திரக்கடைக்காரரும் மாடியைக் கம்பெனிக்கே வாடகைக்கு எழுதிக் கொடுத்தார்.

அடுத்த வருடமே ஒப்பந்தத்தை மாற்றி எழுதிக் கொண்டுவந்தார்கள். கடிகாரம் வந்தது. சாதாரண ஜுரத்துக்கும் அவர்கள் லேபில் ரத்தப் பரிசோதனை எழுத வேண்டும், பெரிய வைத்தியம் என்றால் சென்னையில் இருக்கும் அவர்கள் ஆஸ்பத்திரிக்கே அனுப்ப வேண்டும் என்றார்கள். அந்தப் புதிய ஒப்பந்தத்தில் டாக்டரம்மா கையெழுத்துப் போடாமல் நாட்களைக் கடத்திக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் பாத்திரக்கடைக்காரரின் அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்தது. கடைப் பையன்கள் அவரை நாற்காலியோடு மாடிக்குத் தூக்கி வந்தார்கள். உடம்பெல்லாம் வியர்வை. ஈ.சி.ஜி. தாளைப் பார்த்ததுமே டாக்டரம்மா ஒரு மாத்திரையை அவர் வாயில் போட்டு மெல்லச் சொன்னார். என்னை 108க்குப் போன் செய்யச் சொன்னார். கம்பெனி வைத்திருந்த மேலாளர் ஓடிவந்து, "மேடம், நம்ம ஆம்புலன்ஸ் வந்துடும், நம்ம ஆஸ்பத்திரிக்கே அனுப்பிடலாம்" என்றான். "சென்னை போய்ச் சேர்ற வரைக்கும் இந்த நெஞ்சு காத்துக்கினு இருக்குமா? தள்ளி நில்லு!" என்று கத்தினார். விழுப்புரம் அரசு ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். பெரியவர் பிழைத்து வீடு திரும்பினார்.

அந்த வாரமே மேலாளர் புதிய ஒப்பந்தத்தை மேசைமேல் போட்டான். கையெழுத்துப் போடுங்கள், இல்லை வெளியே போங்கள் என்றான். டாக்டரம்மா கீழே இறங்கிப் பாத்திரக்கடைக்காரரிடம் போனார். நானும் கூடப் போனேன். மாடியில் அவரை இருக்க விட வேண்டும் என்று அந்த மனிதர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் கம்பெனி யோசித்திருக்கும். அவர் குடத்தைத் துடைத்துக்கொண்டே, "நான் இன்னா பண்றது டாக்டரம்மா? எழுதிக் குடுத்துட்டேன். வியாபாரம்னு ஒண்ணு இருக்குதில்ல" என்றார். பின்னால் நாற்காலியில் அவருடைய நைனா, பிழைத்து வந்த அந்த அப்பா, உட்கார்ந்திருந்தார். அவரும் வாயைத் திறக்கவில்லை. அந்த இருவரையும் நான் மன்னிக்கவில்லை. மன்னிக்கும் எண்ணமும் இல்லை.

டாக்டரம்மா செஞ்சியை விட்டுப் போனார். பனமலை ஏரிக்கரைப் பக்கம் ஓர் ஓட்டு வீட்டைப் பிடித்தார். முன்பு அலுத்துக்கொண்ட எல்லா ஆபீஸ்களுக்கும் மறுபடி அலைந்தார். நானும் கம்பெனி வேலையை விட்டுவிட்டு அவரோடு போனேன். முதல் சில வாரங்கள் யாரும் வரவில்லை. வாசலையே பார்த்துக்கொண்டிருப்பார். பிறகு சிங்கவரத்திலிருந்து ஒரு கர்ப்பிணி வந்தாள். அப்புறம் செஞ்சி பஸ்ஸில் ஒவ்வொருவராக வரத் தொடங்கினார்கள்.

போன மாதம் அந்தப் பாத்திரக்கடைக்காரரே பேரனைத் தூக்கிக்கொண்டு வந்தார். குழந்தைக்குக் கடும் ஜுரம். கம்பெனிக்குக் கட்டுப்படியாகவில்லையாம், மூடிவிட்டுப் போய்விட்டார்களாம். டாக்டரம்மா அவரிடம் பழையதைப் பேசவில்லை. குழந்தையின் தொண்டை, காது, வயிறு என்று நிதானமாகப் பார்த்தார். நானாக இருந்தால் அவரையாவது நிற்க வைத்திருப்பேன்.

"மாடி சும்மாதான் இருக்குது டாக்டரம்மா. தடுக்க இனிமே ஆளில்ல. நீங்க திரும்ப வந்துடுங்க" என்றார் அவர்.

"ஜுரம் ஏறினா வெதுவெதுப்பான தண்ணியில துணிய நனைச்சு ஒத்தி எடுங்க. நாளன்னிக்கு மறுபடி காட்டணும்."

"எங்க, செஞ்சியிலயா?"

"இங்கதான்."

பாத்திரக்கடைக்காரர் என் பக்கம் திரும்பினார், நானாவது ஏதாவது சொல்வேன் என்று. நான் கதவைத் திறந்து அடுத்த ஆளைக் கூப்பிட்டேன்.