நானூற்றுப் பன்னிரண்டாவது படம்

பதினெட்டு வருடம் போட்டோ ஸ்டுடியோவில் நின்று, "அசையாதீங்க, இமைக்காதீங்க" என்று ஊரையே அதட்டியவள் அவள். ஆளாளுக்கு ஒரு செல்போன் வந்ததும் ஸ்டுடியோவுக்குப் பூட்டு விழுந்தது. அப்புறம் எங்கள் அருங்காட்சியகத்தின் மாடி அறையில், அசையாததை அசைய வைக்கும் வேலைக்கு வந்து சேர்ந்தாள். பள்ளி விடுமுறையில் எட்டுப் பிள்ளைகள். களிமண்ணில் ஒரு பிராணி. நூலளவு நகர்த்தி ஒரு படம், மறுபடி நூலளவு நகர்த்தி இன்னொரு படம். பன்னிரண்டு படம் சேர்ந்தால்தான் திரையில் ஒரு நொடி. நடுவில் யார் கையாவது படத்துக்குள் வந்துவிட்டால் "கையை எடு!" என்று கத்துவாள். அந்தக் கத்தல் கீழே என் அறை வரை கேட்கும். பிள்ளைகள் அவளுக்கு வைத்த பெயரே 'கையெடு டீச்சர்'.

நான் அங்கே அலமாரிச் சாவிகளைக் காப்பவள். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும், அதை மறைப்பானேன்? அவளுக்கோ கோபம் தொண்டையோடு சரி. தம்பி வீட்டில்தான் இருக்கிறாள். மாவு பிசைகிற பாத்திரத்தில் இவள் களிமண் பிசைந்ததைப் பார்த்து, "அண்ணி, இன்னிக்கு எந்தப் பிராணி செத்துச்சு?" என்று தம்பி மனைவி கேட்டால், இவள் பாத்திரத்தைத் தேய்த்துக் கழுவி வைப்பாள்.

இந்த முறை கதை ஒரு சுருள் சிப்பியினுடையது. கடலில் நீந்துகிறது, சாகிறது, அடியில் போய்ப் படுக்கிறது, சேறு மூடுகிறது, கோடிக்கணக்கான வருடம் கழித்துக் கல்லாக வெளியே வருகிறது. அப்படிக் கல்லாகிப்போன அசல் சிப்பி ஒன்று எங்கள் அலமாரியில் உண்டு. அதைப் பெட்டியோடு என்னிடம் கையெழுத்துப் போட்டு வாங்கிப் போனாள். அச்செடுத்துப் பிளாஸ்டரில் எட்டு நகல் வார்த்து, அசலைப் பக்கத்தில் வைத்துப் பார்த்துப் பார்த்து வண்ணம் பூசினாள். பெற்ற தாய்க்கே அடையாளம் தெரியாது. படமெடுப்பு பாதி நடந்தபோது, ஒரு சாயங்காலம் பெட்டி திரும்பி வந்தது. திறந்து பார்த்தேன், சிப்பி இருந்தது, பூட்டினேன்.

பத்து நாள் கழித்துக் கண்காணிப்பாளர் சரிபார்க்க வந்தார். பெட்டியிலிருந்ததை நகத்தால் சுரண்டினார். வெள்ளையாக மாவு கொட்டியது.

சாவி என்னுடையது. திங்கட்கிழமைக்குள் எழுத்தில் விளக்கம் கொடு, இல்லையென்றால் வேலை இல்லை என்று கடிதம் வந்தது. ஓய்வுக்கு இன்னும் இரண்டே வருடம். மாடிக்கு ஏறிப்போய், வாயில் வந்ததையெல்லாம் கொட்டினேன். "பொம்மை விளையாடறதுக்கு உனக்கு அசல் கல் கேக்குதா? என் வயித்துல அடிச்சிட்டியே!" அவள் கம்ப்யூட்டரைத் திறந்து முதல் படத்திலிருந்து பார்க்க ஆரம்பித்தாள். அசலின் ஓரத்தில் அரிசி அளவு ஓர் உடைசல் உண்டு. அது அச்சில் விழவில்லை, அதனால் நகல்களில் கிடையாது. உடைசல் எந்தப் படத்தில் தொடங்குகிறதோ, அங்கேதான் கல் மாறியிருக்கிறது.

சனிக்கிழமை மதியம் என்னைக் கூப்பிட்டாள்.

"அக்கா, நானூத்திப் பதினொண்ணுல உடைசல் இல்ல. பதிமூணுல இருக்கு."

"நடுவுல?"

கை விழுந்த படங்களை அவள் அழிப்பதில்லை, 'குப்பை' என்று தனியாகத் தள்ளி வைப்பாள். அதிலிருந்து நானூற்றுப் பன்னிரண்டைத் திறந்தாள். கடலடிச் சேற்றில் சிப்பியை வைக்கிற ஒரு கை. பொத்தானை அழுத்தும் பிள்ளை அவசரப்பட்டு அழுத்தியிருக்கிறது. எந்தக் குட்டிச்சாத்தான் என்று குனிந்து பார்த்தேன். பிள்ளையின் கை இல்லை அது. கட்டைவிரலில் ஸ்டுடியோ விளக்குச் சூடு பட்ட தழும்பு.

"நகல்ல பெயிண்ட் உரிஞ்சிருந்துச்சு. எடுத்துப் பூசிட்டு, திருப்பி வைக்கும்போது அசலை வச்சிட்டேன். நகலைப் பெட்டில போட்டுட்டேன். என்னோட கைதான்க்கா."

கடைசி நாள், நகல் என்று நினைத்து அந்தச் சிப்பியை, களிமண்ணில் கடலடி செய்த பொக்கைவாய்ச் சிறுமியிடம் பரிசாகக் கொடுத்து அனுப்பியதும் அவள்தான்.

நான் நல்லவள் இல்லை. "அழிச்சிடு அதை. கல்லைப் போய் வாங்கிட்டு வா. பிள்ளை தெரியாம எடுத்துட்டுப் போயிடுச்சுன்னு சொல்லிக்கலாம். ரெண்டு பேர் வேலையும் தப்பிச்சிடும்" என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கூசுகிறது.

அன்றே இருவரும் சிறுமியின் வீட்டுக்குப் போனோம். சிப்பி ஒரு பூந்தொட்டிக்குள் இருந்தது. மேலே மணல், அதற்கு மேல் மண், அதற்கும் மேல் சாம்பல் என்று வகுப்பில் சொன்ன வரிசை பிசகாமல் மூடி வைத்திருந்தாள். நாங்கள் தோண்ட ஆரம்பித்ததும் உதடு பிதுங்கியது.

"டீச்சர், இப்பவே எடுக்காதீங்க. அது இன்னும் கல்லாகல!"

"ஏற்கெனவே ஆயிடுச்சுடா கண்ணு. தப்பு என்னோடது" என்று அவளைக் கட்டிக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை படம் போட்டார்கள். முன் வரிசையில் கண்காணிப்பாளர், பின்னால் பெற்றோர், தரையில் எட்டுப் பிள்ளைகள். சிப்பி நீந்தியது, செத்தது, ஆடி ஆடி அடியில் இறங்கியது. சேறு மூடப்போகிற நேரம், திரை முழுக்க ஒரு கை வந்து நின்றது. போகவே இல்லை. ஒரு நொடி, இரண்டு நொடி, ஐந்து நொடி. குப்பையிலிருந்து எடுத்து அவளே சேர்த்திருக்கிறாள்.

எட்டுப் பிள்ளைகளும் ஒரே குரலில் கத்தினார்கள்: "கையை எடு!"

கூடமே சிரித்தது. அவள் எழுந்து திரைக்குப் பக்கத்தில் போய் நின்றாள். தழும்பு விரலை எல்லோரும் பார்க்கத் தூக்கிக் காட்டினாள்.

"எடுக்க மாட்டேன். இது என் கை. அசலை மாத்தி வச்சதும் இதே கைதான். சாவிக்கார அக்கா மேலயும் தப்பில்ல, இந்தப் பிள்ளை மேலயும் தப்பில்ல." மண் ஒட்டியிருந்த கல்லைக் கண்காணிப்பாளரின் மடியில் வைத்தாள்.

அவர் கல்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு என் பக்கம் கையை நீட்டி, அந்தக் கடிதத்தைத் திரும்பக் கேட்டார். கொடுத்தேன். அவளுக்கு ஆறு மாதம் வகுப்பு கிடையாது என்றும் அங்கேயே சொல்லிவிட்டார். அவள் சரி என்று தலையாட்டினாள். அழுதது நான்தான்.

ஏழாவது மாதம் அவள் வகுப்புக்கு மாடி அறையை நானே திறந்துவிட்டேன். எட்டுப் பேரும் வந்திருந்தார்கள்.