பத்தொன்பது கேசட்டும் சரோஜினியின் நோட்டும்

கிழக்குத் தாம்பரத்தில் ஒரு சர்ச் உண்டு; அதைச் சுற்றியிருந்த நாலு தெருவில் யாராவது "நான் அப்படிச் சொல்லவே இல்லை" என்று சாதித்தால், எதிராளி குரலை உயர்த்தமாட்டார். "சரோஜினி அக்கா நோட்டைப் பார்க்கலாமா?" என்பார். பேச்சு அதோடு அடங்கிவிடும்.

சரோஜினிக்குச் சுருக்கெழுத்து வேலை மட்டும் இல்லை, ஒருவிதமான கை அரிப்பு. பத்தொன்பது வயதில் மேற்குத் தாம்பரத்து இன்ஸ்டிட்யூட்டில் சேர்ந்து, நிமிடத்துக்கு நூற்றிருபது வார்த்தை வேகத்தில் தேறி, கிண்டியில் ஓர் அரசு அலுவலகத்தில் ஸ்டெனோவாகப் போய் உட்கார்ந்தாள். அங்கே வாய்த்த அதிகாரி 'வித் ரெஃபரன்ஸ் டு' என்று ஆரம்பித்தால், அடுத்த வார்த்தை வருவதற்குள் காதை இரண்டு தரம் குடைந்து, ஒரு காபியும் குடித்து முடித்துவிடுவார். இருபது வருஷம் இப்படியே போயிற்று. கற்ற வேகத்தை என்ன செய்வது? மின்சார ரயில் பெண்கள் பெட்டியில் நடக்கும் சண்டையை எழுதினாள். ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்தை எழுதினாள். சர்ச் கமிட்டிக் கூட்டத்தில் யார் என்ன பேசினாலும் எழுதினாள். தன் கணவர் வேதசிரோமணி கோபத்தில் சொன்னதைக்கூடத் தேதி போட்டு எழுதி வைத்திருந்தாள். அதனாலேயே அந்த மனிதர் கோபப்படுவதை விட்டுவிட்டார்.

அப்பா அம்மா போனபின் தங்கை பியூலாவை வளர்த்தது சரோஜினிதான். பியூலா டீச்சர், முப்பத்தொரு வயது. பதினோரு வரன் வந்து பதினோரு காரணத்தில் தட்டிப்போயின. பன்னிரண்டாவது கிருபா. ஏற்றுமதி வளாகத்தில் ஏ.சி. மெக்கானிக், ஞாயிறுதோறும் சர்ச்சில் கீபோர்டு வாசிப்பவன். பியூலா முதல் முறையாகத் தானே வாயைத் திறந்து "சரி" என்றது அவனுக்குத்தான்.

சர்ச்சில் கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு ஓலை வாசிப்பார்கள்; இன்னாருக்கும் இன்னாருக்கும் விவாகம் என்ற அறிவிப்பு. யாருக்காவது ஆட்சேபணை இருந்தால் சொல்லலாம். இரண்டு ஓலை ஆகிவிட்டது. கமிட்டிச் செயலாளர் ஜீவரத்தினம், ரிட்டயரான தலைமையாசிரியர், ஏதோ ஃபாரத்தில் கையெழுத்து வாங்கக் கிருபாவின் சேலையூர் அறைக்குப் போனார். போனவர் அலமாரியைப் பார்த்துவிட்டார்.

பத்தொன்பது கேசட். ஒன்றின் அட்டையில் எலும்புக்கூடு மோட்டார் சைக்கிள் ஓட்டியது. இன்னொன்றில் எலும்புக்கூடு சும்மா உட்கார்ந்திருந்தது. கிருபா எண்பத்தாறில் பஹ்ரைனில் ஒரே ஒரு வருஷம் வேலை பார்த்தான். தங்கிய அறைக்குக் கீழே கேசட் கடை. அந்த வருஷம் வந்த ஹெவி மெட்டல், ஹார்டு ராக் எதையும் விட்டுவைக்கவில்லை. வருஷம் முடிந்தது, காண்ட்ராக்ட் முடிந்தது, ஊருக்கு வந்துவிட்டான். அவன் கணக்கில் உலகத்துச் சங்கீதம் எண்பத்தாறோடு நிறைவு.

"ஒரு நிமிஷம் கேட்டேன் ஐயா," என்றார் ஜீவரத்தினம், கமிட்டியில், ஆயரிடம். "யாரோ தகரத்தை அறுக்கறாங்க. பக்கத்துல ஒருத்தன் கை மாட்டிக்கிட்ட மாதிரி கத்தறான். சாத்தான் பாட்டு. மூணாவது ஓலையை நிறுத்தணும்."

"வார்த்தை என்ன வருது?" என்றார் ஆயர்.

அது யாருக்கும் பிடிபடவில்லை. ஆயரின் பார்வை சரோஜினி பக்கம் திரும்பியது.

"அக்கா பொண்ணு வீட்டுக்காரங்க. அவங்க எப்படி?" என்றார் ஜீவரத்தினம்.

"அக்கா நோட்டை நீங்க சந்தேகப்படறீங்களா சார்?" என்றார் ஆயர்.

தலைமையாசிரியராக இருந்தவர்கூட அந்த அளவுக்குத் துணியவில்லை. ஒரு வாரம் தவணை. பத்தொன்பது கேசட்டையும் கேட்டு ரிப்போர்ட் கொடுக்க வேண்டும்.

திங்கட்கிழமை சாயங்காலம் சரோஜினி உலை வைத்துவிட்டு, டேப் ரெக்கார்டரைச் சமையலறை மேடையில் வைத்து முதல் கேசட்டைப் போட்டாள்.

கூடத்திலிருந்து வேதசிரோமணி குரல் கொடுத்தார். "சரோ, மிக்ஸியில கரண்டி மாட்டிக்கிச்சு பாரு."

"பாட்டுங்க."

"ஓ. சரி சரி."

முதல் தடவை பாதிதான் பென்சிலில் விழுந்தது. திருப்பிப் போட்டாள். முக்கால். இன்னொரு தரம். முழுசும். கடிகாரத்தைப் பார்த்தாள்: நிமிடத்துக்கு நூற்று முப்பத்தைந்து. இருபது வருஷத்தில் யாரும் அவளுக்கு இந்த வேகத்தில் டிக்டேஷன் கொடுத்ததில்லை. சோறு குழைந்துபோனதை வேதசிரோமணிதான் வந்து சொன்னார்.

அந்த வாரம் முழுக்க அந்த வீட்டில் சோறு சோறாக வரவில்லை. கேசட்டின் ஓரத்தில் வேகத்தைக் குறித்துக்கொண்டே போனாள். பதினாறாவது நூற்றெண்பது, எட்டுத் தரம் போட்டும் தப்பிவிட்டது. கிருபா வாசலில் தயங்கி நின்று, "அக்கா, ரொம்பக் கஷ்டமா இருக்கா?" என்றான்.

"அந்தப் பதினாறாம் நம்பர்காரன் எந்த இன்ஸ்டிட்யூட்டுப்பா?" என்றாள்.

சனிக்கிழமைதான் வம்பு வந்தது. பதினேழாவது கேசட், இரண்டாம் பக்கம். பியூலா பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். பாடகன் திடீரென்று அதிகாரி மாதிரி நிதானத்துக்கு வந்து, சாத்தானை வா என்று அழைத்தான். கதவு திறந்திருக்கிறது என்றான். ஒவ்வொரு எழுத்தும் சுத்தமாகக் காதில் விழுந்தது.

பியூலாவின் கத்தி நின்றது. "அக்கா, அந்த ஒரு வரியை விட்டுடேன்."

"எழுதிட்டேன் பியூலா."

"அழிச்சிடு. யாருக்குத் தெரியும்?"

"நோட்டுக்குத் தெரியும்."

"இது பன்னெண்டாவது மாப்பிள்ளை, அக்கா," என்றாள் பியூலா. பிறகு பீன்ஸை வெகு பொடியாக நறுக்கினாள்.

சரோஜினி இரவுச் சாப்பாடு முடித்து மூன்று கார்பன் பிரதி டைப் அடித்தாள். அந்த வரி வந்தபோது விரல் நின்றது. பிறகு அதையும் அடித்தாள்.

ஞாயிறு ஆராதனைக்கு முன் கமிட்டி கூடியது. சரோஜினி நின்று வாசித்தாள்.

"கேசட் மூன்று. ஒருவர் மோட்டார் சைக்கிளில் போகிறார். எங்கே என்று சொல்லவில்லை. கேசட் ஐந்து. யுத்தம் வேண்டாம் என்கிறார்கள். கேசட் எட்டு. தூக்கம் வரவில்லை. என்ன மருந்து சாப்பிட்டார் என்ற விவரம் இல்லை. ஒன்பது முதல் பன்னிரண்டு வரை, போய்விட்ட பெண்ணைத் திரும்பி வரச் சொல்கிறார்கள். பெண்ணின் பதில் பதிவாகவில்லை. கேசட் பதினாறு. வேகம் காரணமாக முழுமையாக எடுக்க இயலவில்லை, வருந்துகிறேன். கேசட் பதினேழு." ஒரு தரம் மூச்சு விட்டுக்கொண்டாள். "சாத்தானை வரச் சொல்கிறார். கதவு திறந்திருக்கிறது என்கிறார்."

ஜீவரத்தினம் மேசையைத் தட்டினார். "கேட்டுக்கோங்க. நானா சொன்னேன்? வாயைத் திறந்து கூப்பிட்டிருக்கான். கூப்பிட்டவன் பாட்டைக் காசு கொடுத்து வாங்கினவனுக்கு நம்ம சபையில கல்யாணமா?"

சரோஜினி உட்காரவில்லை.

"ஐயா, வாயால கூப்பிட்டாலே குத்தம்னு சொன்னா, பழைய நோட்டுல இன்னொண்ணும் இருக்கு. நியாயத்துக்கு அதையும் சேர்க்கணும்."

"வாசிங்க," என்றார் ஆயர்.

அவள் பையிலிருந்து ஜூலை மாத நோட்டை எடுத்தாள். "அறுப்பின் பண்டிகைக்குச் சமோசாவா பன்னா என்ற விவாதம். செயலாளர் எழுந்து: 'இந்தக் கமிட்டியைச் சாத்தானே வந்து நடத்தட்டும், நான் சாவியைக் கொடுத்துடறேன்.' நேரம் ஆறு இருபது."

ஜீவரத்தினம் வாயைத் திறந்தார். நான் அப்படிச் சொல்லவே இல்லை என்றுதான் வந்திருக்கும். நோட்டைப் பார்த்தார், மூடிக்கொண்டார்.

"அந்தப் பாட்டுக்காரன் கதவைத்தானே திறந்து வெச்சான்," என்று பொருளாளர் யோசனையோடு சொன்னார். "நம்ம சார் சாவியே கொடுத்துட்டாரு."

"அது ஒரு கோபத்துல..." என்றார் ஜீவரத்தினம்.

"அவனும் கோபத்துலதான் இருந்தான் சார்," என்றாள் சரோஜினி. "குரலைக் கேட்டா தெரியும்."

ஆயர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அதற்கு அவர் எடுத்துக்கொண்ட நேரம் கொஞ்சம் அதிகம். சிரிப்பை முழுங்க வேண்டியிருந்தது. "ரெண்டையும் குறிப்பிலேருந்து நீக்கிடலாம். ஆட்சேபணை உண்டா செக்ரட்டரி சார்?"

"இல்லை," என்றார் ஜீவரத்தினம், ஜன்னலைப் பார்த்து.

நோட்டில் எழுதியதை வாழ்க்கையில் முதல் முறையாகச் சரோஜினி கோடு போட்டு அடித்தாள். ஓரத்தில் 'உத்தரவின் பேரில்' என்று எழுதித் தேதியும் போட்டாள்.

ஒரு மணி நேரம் கழித்து ஆயர் மூன்றாம் ஓலையை வாசித்தார். இவர்கள் விவாகத்துக்குத் தடை அறிந்தவர்கள் சொல்லலாம் என்று நிறுத்தினார். கிருபா கீபோர்டைப் பிடித்துக்கொண்டிருந்தான். பியூலா தரையைப் பார்த்தாள். மூன்றாவது வரிசையில் ஜீவரத்தினம் இருமினார்.

மொத்த சர்ச்சும் திரும்பிப் பார்த்தது. அவர் கையை அசைத்து, தொண்டையைக் காட்டி, கர்ச்சீப்பை எடுத்தார்.

சரோஜினி நோட்டைப் பிரித்துக் குறித்துக்கொண்டாள்: இருமல், ஒன்று. வார்த்தை இல்லை.