மிதக்காத முட்டை

முட்டையை அவித்து, ஓடு உரித்து, நீளவாக்கில் இரண்டாக வெட்டி, மஞ்சள் கருவைத் தனியே எடுத்து, வெண்ணெயும் மிளகுத்தூளும் கடுகுப்பொடியும் கொஞ்சம் வினிகரும் விட்டுப் பிசைந்து, திரும்ப அதே குழியில் வைப்பது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. ஆனால் எழுபதுகளில் மரக்காணத்தில் அதைச் செய்யத் தெரிந்தவள் நான் ஒருத்திதான் என்று எனக்குத் திமிர் இருந்தது. பாண்டிச்சேரியில் ஒரு கான்வென்ட் விடுதிச் சமையல்கட்டில் இரண்டு வருஷம் வேலை பார்த்தபோது கற்றுக்கொண்டது அது. அம்மா செத்ததும் அப்பாவுக்குச் சோறு பொங்க ஆளில்லை என்று ஊருக்குத் திரும்பிவிட்டேன். அப்போது எனக்குப் பத்தொன்பது வயது. வாய் கொஞ்சம் நீளம்.

அப்பா உப்பளத்தில் மேஸ்திரி. பாத்தியில் விட்ட தண்ணீர் உப்பு வாரும் பதத்துக்கு வந்துவிட்டதா என்று பார்த்துச் சொல்ல வேண்டியது அவர்தான். மானேஜரிடம் டிகிரி பார்க்கிற கண்ணாடிக் குழாய் உண்டு. அப்பாவிடம் ஒரு முட்டை உண்டு. நல்ல தண்ணீரில் முட்டை அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும். உப்பு ஏற ஏற மேலே வரும். தண்ணீருக்கு வெளியே அதன் தலை எட்டணா அளவுக்குத் தெரிந்தால் இன்னும் இரண்டு நாள் காய வேண்டும். ஒரு ரூபாய் அளவுக்குத் தெரிந்தால் பதம். அப்பாவின் முட்டையும் மானேஜரின் குழாயும் ஒரே கணக்கைத்தான் சொல்லும் என்று அளத்தில் எல்லோருக்கும் தெரியும்.

எனக்கு மட்டும் தெரிந்த விஷயம் வேறு. அப்பாவுக்குக் கண் போய்க்கொண்டிருந்தது. முப்பது வருஷம் அந்த வெள்ளையைப் பார்த்துப் பார்த்துக் கெட்ட கண். பாண்டியில் ஒரு டாக்டரிடம் அழைத்துப் போனேன். அவர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, இதற்கு மருந்து இல்லை என்று ஒரே வரியில் சொல்லி அனுப்பிவிட்டார். ஆள் வருவது அப்பாவுக்கு நிழலாகத் தெரியும். கையில் என்ன வைத்திருக்கிறார்கள் என்பது தெரியாது. அதனால் அளத்தில் முட்டையைக் கண்ணால் பார்ப்பதை விட்டுவிட்டு விரலால் பார்த்தார். கை கழுவுகிற மாதிரி குனிந்து, முட்டையின் தலையில் ஈரமில்லாத இடம் எவ்வளவு என்று ஒரு தடவு தடவுவார். அவ்வளவுதான். ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை. போன கோடையில் மட்டும் இரண்டு பாத்தியில் அவசரப்பட்டு வாரச் சொல்லிவிட்டார். உப்பு பொடிப்பொடியாக வந்தது. அதற்கப்புறம் மானேஜர் அவரை ஒரு மாதிரி பார்ப்பதாக எனக்குத் தோன்றியது.

ஐப்பசி, கார்த்திகை மழையில் அளம் முழுக்கத் தண்ணீராகக் கிடக்கும். பொங்கல் கழித்துத்தான் பாத்தி மிதித்து வேலை தொடங்குவார்கள். அந்த வருஷம் யார் யார் மேஸ்திரி என்பதை மானேஜர் அப்போதுதான் சொல்வார். அப்பா அந்த நாளை நினைத்துத்தான் பயந்துகொண்டிருந்தார். "இன்னும் ரெண்டு வருசம் ஓட்டிட்டன்னா உன்னை ஒருத்தன் கையில குடுத்துடுவேன், அதுக்கப்புறம் கண்ணு இருந்தா என்ன, போனா என்ன" என்பார். எனக்குக் கோபம்தான் வரும். கண்ணைப் பற்றி அப்படிப் பேசுகிறாரே என்று சண்டை போடுவேன்.

மானேஜர் குடும்பம் மெட்ராஸ்காரர்கள். எங்களைப் போல மாதா கோயிலுக்கு வருகிறவர்கள். கிறிஸ்மஸ் அன்று சாயங்காலம் அவர்கள் வீட்டில் டீ பார்ட்டி நடக்கும். மெட்ராஸிலிருந்து சொந்தக்காரர்கள் வருவார்கள், அளத்து மேஸ்திரிகளையும் கூப்பிடுவார்கள். அந்த வருஷம் மானேஜரம்மா கோயிலில் என்னைப் பிடித்து, "பாண்டியில கத்துக்கிட்டு வந்தியாமே, முட்டையில ஏதாவது பண்ணித் தர்றியா?" என்று கேட்டார். பண்ணித் தருகிறேன் என்று அவர் கேட்டு முடிக்கும் முன்பே சொல்லிவிட்டேன்.

பக்கத்து ஊர் அனுமந்தையில் வீடு வீடாகக் கேட்டு நாட்டுக்கோழி முட்டை நாற்பது சேர்த்தேன். கிறிஸ்மஸ் காலைப் பூசை முடிந்ததும் நேரே மானேஜர் வீட்டுச் சமையலறைக்குப் போய்விட்டேன். முட்டைகளில் பாதியை வெட்டி, கருவைப் பிசைந்து வைத்து, மேலே கேரட்டில் நட்சத்திரம் வெட்டிக் குத்தினேன். சிலதில் கொத்தமல்லிக் கொழுந்தை மரம் மாதிரி நட்டேன். மீதி முட்டைகளை முழுசாக நிறுத்திக் கிறிஸ்மஸ் தாத்தா ஆக்கினேன். தக்காளி நுனியை வெட்டிக் குல்லா, மிளகு இரண்டு கண், வெண்ணெய் தடவி ஒட்டிய தேங்காய்த் துருவல் தாடி. வரிசையாகத் தட்டில் நிறுத்தியபோது எனக்கே சிரிப்பு தாங்கவில்லை. மானேஜரம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "பொல்லாத கைடி உனக்கு" என்றார். அந்த ஒரு சொல்லில் தலை கனத்துப் போனது.

அதோடு நிறுத்தியிருக்கலாம். இன்னும் ஒன்று செய்து அசத்த வேண்டும் என்று ஆசை வந்தது. உப்பளத்து வீட்டுப் பார்ட்டியில் உப்பளத்து முட்டை ஒன்று வேண்டாமா? ஒரு முட்டையை ஓட்டோடு அவித்து, அதன் தலையில் சிவப்புத் துணிக் குல்லாவை மெழுகு வைத்து ஒட்டினேன். அளத்தில் குவித்து வைத்திருக்கும் அம்பாரத்திலிருந்து அள்ளி வந்த உப்பைக் கண்ணாடிக் கிண்ணத்துத் தண்ணீரில் கொட்டிக் கரைத்தேன். முட்டை மெல்ல எழும்பி வந்தது. குல்லாவோடு சேர்ந்து சரியாக ஒரு ரூபாய் அளவு வெளியே நின்றது. கிண்ணத்தை மேசை நடுவில் வைத்துவிட்டு, சேலை மாற்ற வீட்டுக்கு ஓடினேன்.

அப்பா வெள்ளைச் சட்டை போட்டுத் தயாராக உட்கார்ந்திருந்தார். அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "மேசை நடுவுல கண்ணாடிக் கிண்ணம் இருக்குது. அதுல முட்டை மிதக்குது. ஒரு ரூபா அளவு. மானேஜர் உன்னைக் கேட்டாலும் கேப்பார். கண்ணை மூடிக்கிட்டுச் சொல்லு."

"கண்ணை மூடிக்கிட்டா?" என்று அப்பா சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது. நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து சிரித்தது அந்தக் கிறிஸ்மஸில் அதுதான் கடைசி.

அப்பாவுக்கு முன்னால் நான் மானேஜர் வீட்டுக்கு வந்துவிட்டேன். மெட்ராஸ் கார் வாசலில் வந்து நின்றுவிட்டது. உள்ளே போய்ப் பார்த்தால் கிண்ணத்துத் தண்ணீர் சாம்பல் நிறத்தில் கலங்கி நின்றது. அம்பாரத்து உப்பில் மண் இருக்கும், அது எனக்குத் தெரியாததா? கரைத்த அவசரத்தில் கவனிக்கவில்லை. ஓரமெல்லாம் நுரை கட்டியிருந்தது. மானேஜரம்மா முகத்தைச் சுளித்து, "என்னம்மா இது, பாத்திரம் கழுவின தண்ணி மாதிரி இருக்கு" என்றார். பட்டுப்புடவை கட்டின இரண்டு பேர் அதைத் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு உடம்பு கூசிப்போனது. கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு பின்கட்டுக்குப் போய், எல்லாவற்றையும் சாக்கடையில் ஊற்றி, கிண்ணத்தைத் தேய்த்துக் கழுவி, குடிக்கிற தண்ணீரை நிரப்பிக் கொண்டுவந்து வைத்தேன். முட்டை குல்லாவோடு அடியில் போய்ப் படுத்துக்கொண்டது. கண்ணாடி பளிச்சென்று இருந்தது. அது போதும் என்று நினைத்தேன்.

அப்பாவிடம் சொன்னது எனக்கு ஞாபகமே வரவில்லை. தட்டைத் தூக்கிக்கொண்டு ஒவ்வொருவரிடமும் போனேன். எல்லோரும் தாத்தாவைப் பார்த்துச் சிரித்தார்கள், எப்படிச் செய்தாய் என்று கேட்டார்கள். நான் பதில் சொல்லிச் சொல்லிப் பூரித்துக்கொண்டிருந்தேன். அப்பா எப்போது வந்தார் என்றுகூடப் பார்க்கவில்லை.

"ஏம்பா மேஸ்திரி, இங்க வா" என்று மானேஜர் கூப்பிட்ட சத்தத்தில்தான் திரும்பினேன். அவர் கிண்ணத்துக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். "உன் பொண்ணு தண்ணி வச்சிருக்கா பாரு. எங்க ஆளுங்களுக்குக் கொஞ்சம் சொல்லு. என்ன பதம் இது?"

சோதிக்கத்தான் கேட்டாரா, விருந்தாளிகளுக்கு வேடிக்கை காட்டக் கேட்டாரா, இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

அப்பா மேசை அருகே வந்தார். அளமாக இருந்தால் விரலை விட்டுப் பார்த்திருப்பார். பெரிய மனுஷர்கள் சாப்பிடுகிற மேசையில் கை வைக்கலாமா? இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்தார். நிதானமாக, பார்க்கிற மாதிரியே பார்த்தார். நான் வாயைத் திறப்பதற்குள் நிமிர்ந்துவிட்டார்.

"ஒரு ரூபா அளவு தெரியுதுங்க ஐயா. நல்ல பதம். இப்பவே வாரலாம்."

மெட்ராஸ் விருந்தாளிகள் சிரித்தார்கள். மேஸ்திரி தமாஷ் பண்ணுகிறார் என்று நினைத்துவிட்டார்கள். அந்தச் சிரிப்பில் ஏதோ தப்பு என்று அப்பாவுக்குப் புரிந்திருக்க வேண்டும். அவரும் சேர்ந்து சிரித்தார். மானேஜர் சிரிக்கவில்லை. என் கையிலிருந்த தட்டை வாங்கி அப்பா முன்னால் நீட்டினார்.

"எடுத்துக்கோ மேஸ்திரி."

அப்பாவின் கை தட்டுக்கு ஒரு சாண் இந்தப் பக்கமாக வெறும் காற்றில் போய்த் துழாவியது. மானேஜர் ஒரு முட்டையை எடுத்து, அப்பாவின் உள்ளங்கையைப் பிடித்து அதில் வைத்து, விரலை மூடிவிட்டார். நல்ல மனுஷர்தான். அதற்காக இன்றைக்கும் அவரைக் கோபிக்க முடியவில்லை. கோபிக்க ஆள் கிடைத்திருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

வெளிச்சம் மங்குவதற்குள் கிளம்பிவிட்டோம். அளத்துக் கரைமேல் அப்பா என் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்தார். வெளியில் அப்படிப் பிடித்து நடந்தது அதுவே முதல் தடவை. இனி யாரிடம் மறைக்க வேண்டும்?

"முட்டை அடியில கெடந்துச்சா?"

"ஆமாப்பா."

"மிதக்குதுன்னு சொன்னியேம்மா."

அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். அந்த உப்பு அப்பா வாரின உப்பு. போன கோடையில், பாதிக் கண்ணோடு, அவர் ஆட்களை வைத்து வாரி அம்பாரம் போட்ட உப்பு. அதில் மண் இருக்கிறது, அழுக்காக இருக்கிறது என்று பட்டுப்புடவைக்காரிகள் முன்னால் எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அதனால்தான் சாக்கடையில் ஊற்றினேன். இதை எப்படி அவரிடம் சொல்வேன்?

"கிண்ணம் சாஞ்சி தண்ணி கொட்டிப் போச்சுப்பா. உப்பு கரைக்க நேரமில்ல" என்றேன்.

"சரி உடு. கைதவறிப் போறதுக்கு யாரு என்ன பண்ண முடியும்" என்றார். கொஞ்ச தூரம் போனதும் மடியிலிருந்து எதையோ எடுத்து நீட்டினார். மானேஜர் கையில் வைத்த முட்டை. சாப்பிடாமல் துண்டில் சுற்றிக் கொண்டுவந்திருக்கிறார். குல்லா நசுங்கி, தாடி உதிர்ந்து போயிருந்தது. "எல்லாரும் இதைப் பாத்து அப்படிச் சிரிச்சாங்களே. எப்பிடி இருக்குதுன்னு சொல்லேன்."

நான் சொன்னேன். சிவப்புக் குல்லா, கருப்புக் கண், வெள்ளைத் தாடி என்று ஒன்றொன்றாகச் சொன்னேன். "ஜோரா இருக்குதும்மா" என்றார், பார்த்துவிட்ட மாதிரி.

பொங்கல் கழிந்து வேறு ஒருவர் மேஸ்திரி ஆனார். பாத்தியில் தடுக்கி விழுந்தால் யார் பொறுப்பு என்று மானேஜர் தயங்கித் தயங்கிச் சொல்லிவிட்டுப் போனார். அப்பா அதற்குப் பிறகு ஒன்பது வருஷம் இருந்தார். எனக்குக் கல்யாணமாகி, என் வீட்டில்தான் இருந்தார். கடையில் நான் உப்பு வாங்கி வந்தால் ஒரு சிட்டிகை கேட்டு வாங்கி விரலில் தேய்த்துப் பார்ப்பார். "இது நம்ம ஊர் உப்பில்ல. நம்ம உப்பு இதைவிடச் சுத்தம்" என்பார். ஆமாப்பா என்பேன். ஒவ்வொரு தடவையும் ஆமாப்பா என்றுதான் சொன்னேன்.